உடைவது பிராக்கெட், காரணம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் வசிக்கும் நான், பண்ருட்டிப் பக்கம் உள்ள முந்திரித் தோப்புக்குப் போய்வர ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வைத்திருக்கிறேன். அதன் பின்பக்க ஷாக் அப்சார்பரை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிணைக்கும் மேல் பிராக்கெட் ஓராண்டுக்குள் மூன்று முறை பிய்ந்து வந்தது. ஒவ்வொரு முறையும் பட்டறையில் அதே இடத்தில் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள்; ஒவ்வொரு முறையும் வெல்டிங்கின் ஓரத்திலேயே மீண்டும் விரிசல் விட்டது.

உப்புக் காற்றில் ஏறிய துருதான் காரணம் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி என் கைவேலை. மழைக்காலத்தில் வண்டியின் அடி தட்டாதிருக்க, வளைவு கூடிய இரண்டு தகடுகளைப் பட்டையில் (அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கில்) சேர்த்து வண்டியை உயர்த்திய நான், ஷாக்கை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டேன். வாய்க்கால் கரையில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, பட்டை முழுவதும் விரியும் முன்பே ஷாக் தன் கடைசி நீளத்தை எட்டிவிடும். அதன் பின் அச்சின் பாரமெல்லாம் அந்தச் சிறு பிராக்கெட்டைத்தான் இழுக்கும். அதிர்வை அடக்க வேண்டிய உறுப்பைத் தாம்புக்கயிறாக்கிவிட்டு, முளை பிடுங்கிக்கொண்டதற்கு வெல்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஷாக்கைக் கழற்றிவிட்டு, சேஸிஸைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, மேல் பிராக்கெட்டுக்கும் கீழ் பிராக்கெட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அச்சு மேலேறி, அதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும் நிலையிலும் அளக்க வேண்டும். ஷாக்கின் விரிந்த நீளம் முதல் அளவைவிடக் கூடுதலாகவும், ஒடுங்கிய நீளம் இரண்டாவது அளவைவிடக் குறைவாகவும் இல்லாவிட்டால் எத்தனை தடிமனான பிராக்கெட்டும் நிற்காது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். விரிசலை மூடினால் மட்டும் போதாது. மூலைகளை உருட்டிய ஒரு தகட்டைப் பின்னால் கொடுத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். வேலை முடிந்த கையோடு பிரைமர் அடிக்காவிட்டால் நம் ஊர்க் காற்று அதை விட்டுவைக்காது.

வண்டியை உயர்த்துவதில் சட்டச் சிக்கலும் உண்டு. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை உறுதிசெய்தது. சேர்த்த தகடுகளை நான் கழற்றிவிட்டேன். நான்காவது முறை வைத்த பிராக்கெட் இரண்டு மழைக்காலங்களைக் கண்டும் அசையவில்லை.

15 ஆண்டு கடந்து பதிவுப் புதுப்பிப்புக்கு வரும் ஜீப்புகளின் ஷாக் பிராக்கெட்டுகளையும் குனிந்து பார்க்குமாறு வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்.