பிள்ளையிடம் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டது. மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதிப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பரபரப்பு கூடியிருக்கும். இந்த வேளையில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளையின் மனம் சரியில்லை என்று பட்டால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் நம் சனிக்கிழமை வகுப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையாவது இருக்கும். பெரியவர்களிடம் காணும் மனநோய்களில் பாதி 18 வயதுக்கு முன்பே தொடங்குபவை. தொடக்கத்திலேயே கவனித்தால் படிப்பும் நட்பும் கெடுவதற்குள் பிள்ளையை மீட்டுவிடலாம்.

ஒரு மாணவியைப் பற்றி, ஆள் தெரியாதபடி சொல்கிறேன். தேவாரம் பாட முன்வரிசையில் நிற்பவள், மெல்ல மெல்லக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவள் நோட்டில் எழுத்து வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பக்கங்களில் தேதி மட்டும் இருந்தது. 'வயசுப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் விட்டிருந்தார்கள். வகுப்பு ஆசிரியை அம்மாவை அழைத்து நோட்டைக் காட்டினார். அன்றைக்குத் தொடங்கிய சிகிச்சை இன்னும் நடக்கிறது. இப்போது பக்கங்கள் நிரம்புகின்றன.

தூக்கம் கெடுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்பது: இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள். பையன்களுக்குச் சோகம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளிவரும். அதைத் திமிர் என்று அடித்து அடக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்ட பிள்ளைகள் சிலர் பெருமழை பெய்தால் இன்றும் நடுங்குகிறார்கள். அதுவும் உதவி தேவைப்படும் பயம்தான்.

திருஷ்டி கழியுங்கள், முருகனுக்குக் காவடி நேர்ந்துகொள்ளுங்கள். நானும் வேண்டிக்கொள்கிறவன்தான். ஆனால் காய்ச்சலுக்குச் சாமியையும் கும்பிட்டு டாக்டரிடமும் போகிறோமே, இதற்கும் அப்படியே போங்கள். 'நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்' என்ற பயத்தில் மூடிவைப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. நீங்கள் சொல்வது என் அறையை விட்டு வெளியே போகாது. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், உங்களிடம் சொல்லிவிட்டு உரியவர்களை அழைப்பேன்.

'செத்துப் போகலாம் போல இருக்கு' என்று பிள்ளை சொன்னால், சும்மா சொல்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள், ஆபத்து என்று பட்டால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567. பிள்ளைகள் தாங்களே பேச சைல்ட்லைன் 116. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

மற்றபடி முதலில் பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் அங்கேயே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். மருத்துவமனையில் முறை வர நாளாகலாம். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். தனியாகப் போகத் தயக்கமென்றால் நம் ஆசிரியை ஒருவர் கூட வருவார். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவேண்டிய அவசியமில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்