அந்தத் தாதித் தங்கச்சிக்கு

மட்டக்களப்பில் அம்மாவின் வயிறு ஊதியபோது வாயு என்று ஓமத்தண்ணீர்தான் கொடுத்தோம். இரண்டு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைவதும் ஓர் அறிகுறி என்று யாருக்குத் தெரியும்? சூலகப் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக 6 தடவை ஏற்ற வேண்டும் என்றதும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னால் போனவர் நீங்கள்தான், தங்கச்சி. பணி முடிந்து கைப்பையோடு நின்றவர். வாங்கில் பக்கத்தில் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கக்கூடிய புற்றுநோய்க் கலங்களை அழிக்கத்தான் மருந்து என்றீர்கள். முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். காய்ச்சல் வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள் என்று கிளினிக் அட்டையின் பின்புறம் எழுதியும் தந்தீர்கள். கல்லடி பஸ் அதற்குள் போய்விட்டது. பெயர் கேட்க மறந்தோம்.

அம்மா 6 தடவையும் முடித்துவிட்டார். அட்டை இன்னும் அவர் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது.