எலிப்பொறி வந்த கதை

அன்புள்ள அரைச் சாமியாருக்கு,

ஸ்தோத்திரம். பதிலுக்கு நீ ‘மரியே வாழ்க’ என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். கடைசியாக உனக்கு எழுதியது உன் மகள் கல்யாணத்துக்கு முன்னால். கல்யாணத்துக்கும் வரவில்லை, வராததற்குக் காரணமும் சொல்லவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் பதில் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே திட்டி முடித்துவிடு. போனில் பேசினால் ஆகாதா என்பாய். இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரிப்பேன், விஷயம் அதோடு போய்விடும்.

கத்தோலிக்கரான உங்களுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. முழங்காலில் நின்று சாமியார் காதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். புராட்டஸ்டண்டுகளான எங்களுக்கு ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கைதான். சபையே சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது என் பாவம் எது, முன் வரிசைக்காரர் பாவம் எது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆனால் யாக்கோபு 5:16-ல் ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று இருக்கிறது. எனக்கு அந்த ‘ஒருவர்’ நீதான். சாமியாராகப் போய்ச் செமினரியில் மூன்று வருஷம் தின்ற சோற்றுக்கு இதற்காவது பயன்படு.

போன மாதம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற நாள். இந்தத் தடவை பொருளாளர் நான். ஆமாம், நான்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் உன்னைப் பார்த்து எழுதியவனேதான். இயேசுவின் பன்னிரண்டு சீஷரில் பணப்பை யார் கையில் இருந்தது என்று யோவான் 12:6-ல் போய்ப் பார்த்துக்கொள் என்று என் மச்சான் அன்றைக்கே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆராதனை முடிந்து ஏலம். வாழைத்தார், பனங்கிழங்குக் கட்டு, இரண்டு சேவல், ஒரு ஆட்டுக்குட்டி, பூசணிக்காய்கள். ஏலம் கூறியது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரல் இன்னும் அப்படியே இருக்கிறது, மைக்கை அணைத்துவிட்டுத்தான் கூறினார். ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டையை எடுத்தவரெல்லாம் திருப்பிக் கொடுக்க, அது மூன்று தடவை ஏலம் போய் 2,100 ரூபாய் சேர்த்தது. காணிக்கையும் ஏலமுமாகச் சேர்த்து 2,86,450 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை, பேங்க் கிடையாது. பணத்தை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன்.

இனி மற்ற ஏலத்தைச் சொல்கிறேன். சின்னவள் நர்சிங் கடைசி வருஷத்துக்காக என் வீட்டுக்காரியின் வளையல் நாலும் அடகில் இருந்தது. திங்கட்கிழமைக்குள் மீட்காவிட்டால் ஏலம் என்று கடைக்காரர்கள் இரண்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். இரண்டையும் நான் இவளிடம் காட்டவில்லை. வட்டியோடு 91,000 வேண்டும். வாழைக்காய் வியாபாரி வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தான். திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவில் நாலு நாள். பீரோவில் மஞ்சள் பை. கமிட்டி கூடிக் கணக்குப் பார்ப்பது மாதக் கடைசியில். உனக்கே புரிந்திருக்கும்.

நான் திருடப் போகிறேன் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் பையை எடுத்து மேஜையில் வைத்தேன், எண்ணிச் சரிபார்க்கத்தான். அப்புறம் 91,000-ஐத் தனியாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டேன், சும்மா பார்க்கத்தான். அதற்கப்புறம் வசனங்கள் வர ஆரம்பித்தன. தாவீது பசித்தபோது ஆசாரியர்களுக்கு மட்டுமே உரிய தேவ சமுகத்து அப்பங்களைச் சாப்பிட்டானே, இயேசுவே அதை எடுத்துப் பேசினாரே என்று ஒன்று. ‘வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்’ என்று இன்னொன்று. ஆறு மாதமாகச் சபைக் காரியத்துக்கு ஓடிய பெட்ரோல் காசை நான் கேட்டதே இல்லையே என்று அதற்கு ஒரு விளக்கம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வாங்கிய பரிசெல்லாம் அன்று ராத்திரி எனக்கு எதிராகவே வேலை செய்தது. சோப்பு டப்பா பரிசு வாங்கினேன் என்று எனக்கு அந்தப் பேரையே வைத்தாயே, அந்த டப்பாவில் இவ்வளவு அழுக்கு பிடித்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

இயேசுவைச் சோதித்த சாத்தானும் வசனம் சொன்னவன்தானே. தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்திவிட்டு 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்து விடுகிறான். மறுநாள் போய்ப் பக்கம் புரட்டிப் பார்த்தேன். சங்கீதத்தில் ‘உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி’ என்று இருக்கிறது. அந்த ‘வழிகளிலெல்லாம்’ அவன் வாயிலிருந்து வரவில்லை. நானும் அப்படித்தான் செய்தேன். தாவீது ஆசாரியனிடம் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டான். அந்த இடத்தை மட்டும் வசதியாகத் தாண்டிப் போனேன். இயேசு மூன்று தடவையும் பதில் எடுத்தது உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்தும் எட்டாம் அதிகாரத்திலிருந்தும். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் தோற்றுப்போன ஜனத்துக்குச் சொன்ன வார்த்தைகளை நாற்பது நாள் பட்டினியில் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார். மாற்கு தம் சுவிசேஷத்தில் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கவில்லை, இரண்டே வசனம். காட்டுமிருகங்களின் நடுவிலே இருந்தார் என்கிறார், கேள்வியும் இல்லை பதிலும் இல்லை. எனக்கு இப்போது மாற்குதான் பிடிக்கிறது. அன்று ராத்திரி என் வீட்டிலும் விவாதம் செய்து ஜெயிக்கிற ஆள் யாரும் இல்லை.

மூன்று மணி வரைக்கும் ஜெபம்தான் செய்தேன், நம்பு. பையைப் பார்த்துக்கொண்டே ‘பெலன் தாரும் ஆண்டவரே’ என்று ஜெபம். அப்போது அந்தச் சோப்பு டப்பா வசனம் வந்தது, 1 கொரிந்தியர் 10:13. ‘சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்.’ ஏழாம் வகுப்பில் மூச்சு விடாமல் ஒப்பித்தேனே, அதே ராகத்தில் வந்தது. ‘திராணிக்கு மேலாக’ என்ற இடத்தைத்தான் இத்தனை வருஷமும் பெரிதாக நினைத்திருந்தேன். அன்று ‘போக்கு’ என்ற சொல் மட்டும் தனியாக நின்றது. போக்கு என்றால் போகிற வழி. போகத்தான் வேண்டும். தன்னை மயக்கப் பார்த்த எஜமான் போத்திபாரின் மனைவியிடம் யோசேப்பு உட்கார்ந்து ஜெபம்பண்ணவில்லை, வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு ஓடினான். நான் பணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பணத்தை எடுக்காமலிருக்கப் பெலன் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரப்பர் பேண்டைக் கழற்றினேன், சட்டையை மாட்டினேன், பையோடு கிளம்பினேன். நாலே முக்கால் மணிக்கு ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வீட்டுக் கதவைத் தட்டினேன். ஐயர் லுங்கியோடு, எந்தச் சபையில் யார் இறந்துபோனார்களோ என்ற முகத்தோடு வந்து நின்றார். பையை நீட்டினேன். “பேங்க் திறக்கிற வரைக்கும் இங்கே இருக்கட்டும் ஐயா.” ஏன் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

“வீட்டில் எலித்தொல்லை ஐயா. நோட்டைக் கடித்துவிடும்” என்று சொன்னேன்.

சிரி. நன்றாகச் சிரித்துவிட்டு மேலே படி. ஒரு பாவத்திலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததில் விழுந்தேன். ஐயர் நல்லவர். அந்த வேளையிலும் என் தலையில் கைவைத்து, இந்தக் குடும்பத்தை எலித்தொல்லையிலிருந்து விடுவித்தருளும் என்று உருக்கமாக ஜெபித்தார். நான் ‘ஆமென்’ சொன்னேன்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் போய் முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து இவளிடம் நோட்டீஸ் இரண்டையும் கொடுத்தேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மச்சானிடம் கடன் வாங்கி வட்டியை மட்டும் கட்டி வளையலைத் திருப்பி வைத்தாயிற்று. பணப்பை வைத்திருந்த யூதாஸின் வசனத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன், நல்ல வேளை, மனுஷன் வேறு ஏதோ கோபத்தில் இருந்தார்.

வாழைக்காய் வியாபாரி வெள்ளிக்கிழமை தரவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான், அதுவும் பாதி. கன்வென்ஷன் மேடையில் நின்று சொன்னால் அருமையான சாட்சி, இல்லையா? ‘அன்றைக்கு நான் எடுத்திருந்தால்!’ என்று நிறுத்தி, ஒரு பாட்டுக் கூடப் பாடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அவன் சொன்ன நாளில் மொத்தத்தையும் கொண்டுவந்து கொடுத்திருந்தால் என்ன? நான் எடுத்துத் திருப்பி வைத்திருப்பேன், ஒருவருக்கும் தெரிந்திருக்காது, அடுத்த தடவை ராத்திரி மூன்று மணி வரைக்கும் விழித்திருக்கத் தேவைப்பட்டிருக்காது. எனக்கு அதுதான் பயம்.

அப்புறம் உன் பழைய வம்பு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கர்த்தருடைய ஜெபத்தில் நாங்கள் ‘சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்கிறோம், நீங்கள் ‘சோதனையில் விழவிடாதேயும்’ என்கிறீர்கள். ஹாஸ்டல் மொட்டைமாடியில் விடியவிடிய இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். 2017-இல் போப் பிரான்சிஸ், பிள்ளையைச் சோதனைக்குள் தள்ளிவிடுகிற தகப்பன் இல்லை அவர் என்று சொன்னபோது, ‘பார்த்தாயா’ என்று நடுராத்திரி எனக்கு மெசேஜ் அனுப்பியவன் நீ. உங்கள் தமிழ் ஜெபம் அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, சரி, ஜெயித்தாய். ஆனால் தமிழில் ‘சோதனை’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் கிடக்கிறதே, அதை என்ன செய்வது? ஆபிரகாமைத் தேவன் சோதித்ததும் சோதனை, சாத்தான் செய்ததும் சோதனை, பஸ் கிடைக்காவிட்டாலும் ‘என்னடா சோதனை’. கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று ஐயர் சொல்கிறார். அன்று ராத்திரி எனக்கு வந்தது எது என்று கேட்டால் தெரியாது. மேலேயிருந்து வந்ததா, கீழேயிருந்து வந்ததா, ‘சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு’ என்று யாக்கோபு சொல்கிற மாதிரி என் பீரோவிலிருந்தே வந்ததா. உட்கார்ந்திருந்தவனுக்கு மூன்றும் ஒன்று போலத்தான் இருந்தது.

இவ்வளவும் முன்னுரை என்று சொன்னால் அடிக்க வருவாய். எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். ஆர்மோனியக்காரரை நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் என்ன, உனக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. அவர் பொருளாளராக இருந்தபோது 40,000 குறைந்தது. கமிட்டியில் அவர் எழுந்து நின்று, “மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அறுவடை முடிந்ததும் வைத்துவிடலாம் என்றுதான்” என்று ஆரம்பித்தார். முடிக்கவிடாமல் பேசியவன் நான். “வைத்துவிடலாம் என்று எடுத்தாலும் திருட்டுத் திருட்டுதான்” என்றேன். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, அந்த அறையில் ஒரு சந்தோஷத்தோடு சொன்னேன். அதற்கப்புறம் அவர் கோவிலுக்கு வரவில்லை. கீபோர்டு வந்துவிட்டது, ஆர்மோனியத்தை யாரும் தேடவும் இல்லை.

கலாத்தியர் 6:1 எனக்குப் பாதிதான் மனப்பாடம். குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்பது வரைக்கும் வரும். மீதியைப் போன வாரம்தான் கவனித்தேன். ‘நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு.’ அதற்கு அடுத்த நாளே திருச்செந்தூர் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மூன்று சீட் முன்னால், ஜன்னலோரம். காது மடல் வரைக்கும் நரைத்துவிட்டது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரத்தான் நினைத்தேன். என் ஸ்டாப் வந்தது, இறங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. நீ ஈஸ்டருக்கு ஊருக்கு வருவாயே, ஒரு சாயங்காலம் என்னோடு அவர் வீட்டுக்கு வா. நீ வந்தால் அவர் கதவைத் திறப்பார். அவரிடம் மஞ்சள் பைக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும், ரப்பர் பேண்டையும் விடாமல். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை, அன்று அவர் முடிக்காத வாக்கியத்தை முடிக்கட்டும். கீர்த்தனை பாடச் சொல்லி நீ அவரைத் தொந்தரவு பண்ணாதே. அவராகப் பாடினால் சரி.

ஐயரிடம் எலி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அன்று மதியமே ஐயரம்மா சபை ஊழியர் கையில் ஒரு எலிப்பொறி கொடுத்தனுப்பிவிட்டார்கள், பழைய மரப்பொறி, கருவாட்டுத் துண்டோடு. இவள் அதை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “எலி பெரிசாத்தான் இருந்திருக்கும்” என்றாள். அவ்வளவுதான், அதோடு எங்கள் வீட்டில் பேச்சு சகஜமாகிவிட்டது. பொறியை பீரோவுக்குக் கீழேயே வைத்திருக்கிறாள், எடுக்க விடமாட்டேன் என்கிறாள். முந்தாநாள் அதில் நிஜமாகவே ஒரு எலி விழுந்தது.

ஈஸ்டருக்கு எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
சோப்பு டப்பா