மேல் உடம்புக் காயம்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின்ர முழங்கால் இந்தக் குளிருக்குக் கொஞ்சம் கூடப் படுத்துது, வேற ஒண்டுமில்லை. நேற்று ஸ்காபரோவில ஒரு முழத்துக்கு ஸ்னோ. நான்தான் தள்ளினன். ஆறுதலாத்தான் தள்ளினன், அம்மாவைக் கேட்டுப் பார்.

பெரிய எழுத்தா எழுதுறன். எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி, அக்காவைக் கொண்டு வாசிப்பிக்காதை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டி உன்னை ஐஸ் ஹொக்கி ரிங்குக்கு ஏத்திக்கொண்டு போனவன் நான்தான். அதாலை நீ வாசிக்கக் கஷ்டப்பட்டால் அந்தக் குற்றம் எனக்கு. இங்கிலீஷில எழுதிப் பாத்தன், ரெண்டு வரிக்கு மேல ஓடேல்லை.

கழுத்துப் பட்டி போடுறியோ? அடம் ஜோன்சன் இங்கிலாந்தில செத்த கிழமை நான் வாங்கி அனுப்பின கறுப்புப் பட்டி. 2023 ஐப்பசி 28, ஷெஃபீல்டில. ஸ்கேற் கழுத்தில வெட்டினது. 29 வயது. என்.எச்.எல் எண்ட ஆகப் பெரிய லீக்கில பிட்ஸ்பேர்க் ரீமுக்கு விளையாடின பெடியன். வேர்க்குது, இறுக்குது எண்டு நீ சொன்னனி. வேர்த்தால் வேர்க்கட்டும். போடு.

உன்னைப் பற்றி இஞ்ச கேக்காத ஆளில்லை. கோயிலில சிவம் மாமா, "இன்னும் விளையாடுறானோ, என்.எச்.எல் எப்ப?" எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டார். அவருக்கு நான் திரும்பவும் முதலில இருந்து விளங்கப்படுத்தினன்: மேல என்.எச்.எல், அதுக்குக் கீழ ஏ.எச்.எல், அதுக்குக் கீழ இவன் விளையாடுற ஈ.சி.எச்.எல், அதில நிக்கிறதே லேசில்லை. இந்த லீக்கில விளையாடிப் போட்டு என்.எச்.எல்-க்குப் போனவங்கள் எழுநூறு பேருக்கு மேல. றிச்மண்ட் ஹில் பெடியன் பினிங்டன் இதே லீக்கில கலமசூ ரீமில விளையாடினவன்தான், 2019-ல என்.எச்.எல்-இன்ர ஸ்ரான்லி கப்பைத் தூக்கினான் எண்டன். அவர் தலையை ஆட்டிப்போட்டு மோதகம் எடுக்கப் போட்டார். போகட்டும். நடுச்சாமத்தில ஃபோன் வந்து, விடிய விடியக் காரோடிப் போய், நீ ஏ.எச்.எல்-ல விளையாடின அந்த நாலு மாட்சும் எனக்குப் போதும். அந்தப் படம் இன்னும் சாமியறைக்குப் பக்கத்திலதான் கிடக்கு.

ஆனால் தம்பி, காசு விசயத்தில நீ சரியில்லை. கிழமைச் சம்பளம். ஐப்பசியில தொடங்கிச் சித்திரையோட நிண்டிடும். வீடு அவங்கள் தந்தாலும் கோடையில ஆர் தாறது? கோடையில சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கிற காசு காருக்கும் சாப்பாட்டுக்கும் போயிடுது. அந்த டிப்ளோமாவை முடி எண்டு எத்தினை தரம் சொல்லுறது. 72 மாட்ச். வெள்ளி, சனி, ஞாயிறு மூண்டு நாளும் விளையாட்டு, நடுவில இரவிரவா பஸ். அந்த உடம்போட புத்தகம் எடுக்க ஏலாது எண்டு எனக்கும் விளங்குது. ஆனாலும் முடி. பிராம்டனில பீஸ்ட் எண்ட ரீம் இருந்திருந்தால் வீட்டுச் சாப்பாடாவது சாப்பிட்டிருப்பாய். அதையும் 2021-ல மூடிப்போட்டாங்கள்.

கழுத்துப் பட்டி போடு.

வேலையால வந்து தேத்தண்ணி வைக்கமுந்தி, லீக்கில அண்டண்டைக்கு ஆரை எடுத்தது, ஆரை விட்டது எண்டு வாற பட்டியலை நான் பாக்கிறனான். உனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறன். உன்ர பேர் அதில இல்லாத நாள் எனக்கு நல்ல நாள். பத்தொன்பது நாளுக்கு முந்தி உன்ர பேர் வந்தது. இன்ஜர்ட் றிசேர்வ், காயப்பட்டு நிக்கிற ஆக்களின்ர பட்டியல். இன்னும் எடுபடேல்லை. அக்கா கேட்டதுக்கு "அப்பர் பொடி" எண்டு ரெண்டு சொல்லு அனுப்பினியாம்.

ஹொக்கியில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியும். மேல் உடம்பு, கீழ் உடம்பு. எங்க எண்டு தெரிஞ்சால் மற்ற ரீம்காரன் அதிலயே அடிப்பான். ஆனால் நாங்கள் மற்ற ரீம் இல்லையே அப்பன். தோள் கழண்டபோது எக்ஸ்ரே படத்தை நீதான் அனுப்பினாய். மணிக்கட்டு முறிஞ்சபோது பிளாஸ்ரரில எல்லாரும் கையெழுத்து வைச்ச படம் வந்தது. இந்த முறை ஒரு படமும் இல்லை. கமரா பழுதெண்டாய். போன ஞாயிறு கதைக்கேக்க, நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்ல உனக்குக் கனநேரம் எடுத்தது. பின்னால ரீவிச் சத்தம்கூட இல்லை. அம்மா "களைச்சுப் போனான்" எண்டு சொல்லிப்போட்டுப் படுத்திட்டா. நான் படுக்கேல்லை.

ஏன் சொல்லுறாயில்லை எண்டு உன்னோட கோவிக்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினன். ரெண்டு தாளைக் கிழிச்சும் போட்டன்.

உனக்குப் பதினைஞ்சு வயது. 2015 மாசி 28, சனிக்கிழமை. ரிங்கைச் சுத்தின போர்டுக்குப் பக்கத்தில நீ பக் வட்டை எடுக்கக் குனிய, மற்ற ரீம் பெடியன் ஒருத்தன் முதுகுப் பக்கமா வந்து இடிச்சான். ஹெல்மெற் பட்ட சத்தம் மேல படியில நிண்ட எனக்குக் கேட்டது. நீ எழும்பி விளையாடி முடிச்சாய். வானுக்குள்ள ஏறின பிறகு, "அப்பா, ஆர் வெண்டது?" எண்டாய். சொன்னன். வெஸ்டன் ரோட்டில ஒருக்காக் கேட்டாய். யங்கில திரும்பக் கேட்டாய். கென்னடியில இறங்கேக்க மூண்டாந்தரமும் அதே கேள்வி, அதே குரல். வீட்டு வாசலில உன்ர கிளவுசுக்குள்ளேயே சத்தி எடுத்தாய்.

நான் என்ன சொன்னனான் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, எனக்கு இருக்கு. "நாளைக்கு ரீமுக்கு ஆளெடுக்கிற ஸ்கவுட்மார் வருவினம். கோச்சுக்குச் சொல்லாதை. அம்மாவுக்கும் சொல்லாதை. நித்திரை கொண்டாச் சரியாயிடும்." நீ "ஓமப்பா" எண்டாய். அம்மா எழும்பமுந்தி அந்தக் கிளவுசைக் கீழ பேஸ்மென்றில சவுக்காரம் போட்டு நான் கழுவினன். மற்ற நாள் நீ ரெண்டு கோல் அடிச்சாய். சித்திரையில ஓ.எச்.எல் எண்ட பெடியளின்ர லீக்குக்கு நடந்த தெரிவில பதினோராஞ் சுற்றில உன்ர பேர் வந்தது, கேக் வெட்டினம். கேக் வெட்டின படத்தில நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்.

தெரியாமல் செய்தன் எண்டு சொல்ல ஏலாது. ஒட்டாவாவில ரோவன் ஸ்டிரிங்கர் எண்ட பிள்ளை, 17 வயது, றக்பி விளையாடினவள், தலையில அடிபட்டுச் செத்த செய்தி 2013-லயே வந்தது, வாசிச்சனான். ஒரு கிழமைக்குள்ள திரும்பத் திரும்பப் பட்ட அடி. முதல் அடி ஆறமுந்தி மற்றது விழுந்து மூளை வீங்கினது. சிநேகிதருக்குச் சொன்னவள் தாய் தேப்பனுக்குச் சொல்லேல்லை. அவளின்ர பேரிலதான் 2018-ல ஒன்ராறியோவில சட்டம் வந்தது, சந்தேகம் எண்டாலே பிள்ளையை வெளியில எடுக்கவேணும், டொக்டர் சொல்லாமல் திரும்ப இறக்கக்கூடாது எண்டு. அந்தப் பிள்ளை தானா ஒளிச்சது. நீ தேப்பன் சொல்லி ஒளிச்சனி.

மாமாவின்ர கடன் இருந்தது, வானுக்கு ரெண்டு மாதம் கட்டேல்லை, அந்த வருசம் ஹொக்கிக்கு மட்டும் எவ்வளவு போனது எண்டு அம்மாவுக்கே முழுக்கத் தெரியாது. இதெல்லாம் காரணமில்லை. எழுதிப் பாக்கிறன், அவ்வளவுதான்.

இப்ப டொக்டர் உன்னைக் கேப்பார், "இதுக்கு முந்தி எத்தினை தரம்?" எண்டு. நீ "இல்லை" எண்டுதான் சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும், நான் பழக்கின மறுமொழி அது. திரும்பப் போய்ச் சொல்லு. 2015 மாசி 28. மூண்டு தரம் ஒரே கேள்வி கேட்டவன், சத்தி எடுத்தவன், மற்ற நாளே விளையாடினவன் எண்டு சொல்லு. அவருக்கு என்னட்டைக் கேக்கவேணுமெண்டால் என்ர நம்பரைக் குடு. அவ்வளவு சொல்ல என்ர இங்கிலீஷ் காணும். திரும்ப இறங்கச் சொல்லி ஆரும் அவசரப்படுத்தினால் இறங்காதை. நானே கேட்டாலும் இறங்காதை.

இதுக்குப் பிறகு வேற ரீம் எடுக்காது எண்டு பயப்படாதை. எடுக்காட்டி வீட்டை வா. உன்ர அறை அப்பிடியே கிடக்கு.

அம்மாவுக்கு நேற்றிரவு எல்லாம் சொல்லிப்போட்டன். காலமையில இருந்து என்னோட கதைக்கிறாவில்லை. குசினியில உனக்கு எள்ளுருண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறா. இந்தக் கடிதம் உன்னட்டை வர எப்பிடியும் நாலைஞ்சு நாள் எடுக்கும். வாற வெள்ளி வேலை முடிய பஃபலோ எல்லைப் பாலத்தால வெளிக்கிடுவம், சனி விடியக் கதவைத் தட்டுவம். எழும்பி ஒண்டும் ஒதுக்காதை. திரையை மூடியே வைச்சிரு, லைற்றும் போடாதை. எனக்கும் அம்மாவுக்கும் இருட்டில இருந்து பழக்கம்.

அப்பா