சலாலா சாரலும் பண்ருட்டிக் கொட்டையும்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆகஸ்ட் 2025

அன்பு சாதிக்,

ஓமான் நாட்டுச் சலாலாவிலிருந்து உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரியில் கேட்டிருக்கலாம்; நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதனால் நானும் பேனாவை எடுத்துவிட்டேன். போன வாரம் பரங்கிப்பேட்டை போய் உம்மாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாக இருக்கிறதாம். வாசலில் என்னைப் பார்த்ததும் "ஏன் தம்பி இப்படி நரைச்சுப் போயிட்டே?" என்றார்கள். ஆக, கண்ணைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் பிளஸ் டூ முடித்ததும் இங்கே ஜியாக்ரபி டிகிரி சேர ஆசைப்படுகிறாள், "மேப்புதான் போன்லயே இருக்கே, அதைப் போய் மூணு வருஷம் படிப்பாங்களா?" என்று நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி கேட்கிறாள், நடுவில் நீ முழிக்கிறாய். வேலை வாய்ப்பைப் போனில் பேசிக்கொள்ளலாம். ஜி.ஐ.எஸ். என்கிற கணினி மேப் நுட்பம் கற்றுக்கொண்டால் ஒரு வழி, பி.எட். முடித்தால் ஒரு வழி, குரூப் தேர்வு எழுதினால் இன்னொரு வழி. தங்கச்சியின் கேள்விக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அவள் கேட்டது முதல் வருஷப் பாடத்தைப் பற்றித்தான். அந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான்.

'உலக வட்டாரப் புவியியல்' என்று பெயர். ஒரே செமஸ்டரில் உலகம் முழுக்க. வட அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா, வட ஆப்பிரிக்காவோடு மேற்காசியா, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா, தெற்காசியா, கிழக்காசியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள். எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை: அமைவிடம், நிலத்தோற்றம், காலநிலை, மண், கனிமம், விவசாயம், தொழில், மக்கள். கடையில் விற்கிற கைடைப் புரட்டிப் பார். பிரேசில் பக்கத்தில் பெயரை மட்டும் அடித்துவிட்டு காங்கோ என்று எழுதினால் பாதி வரிகள் அப்படியே பொருந்தும். இப்படிப் படிப்பதென்றால் தங்கச்சி கேட்டது நியாயம்தான்.

அதனால் நான் ஆரம்பிப்பது அமெரிக்காவில் இல்லை, முள்ளோடையில். கடலூரிலிருந்து பாண்டி பஸ்ஸில் போகும்போது தென்பெண்ணைப் பாலம் தாண்டித் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிற எல்லை வருமே, அங்கே. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே கரும்பு, ஒரே பேச்சு. பெட்ரோல் விலை மாறுகிறது, சாராய விலை மாறுகிறது, போலீஸ் தொப்பி மாறுகிறது. வட்டாரம் என்றால் என்ன என்று கேட்டால் பசங்கள் முதலில் இந்தக் கோட்டைத்தான் சொல்வார்கள். சரி, உங்கள் வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பேன். எல்லாரும் பாண்டியில் இருக்கிற ஜிப்மர் என்பார்கள். விழுப்புரம், கடலூர், சிதம்பரம் எல்லாம் ஜிப்மரின் வட்டாரம். அந்த ஆஸ்பத்திரிக்கு முள்ளோடைக் கோடு தெரியாது. பிறகு மேப்பில், பாண்டியோடு சேர்ந்த மாஹேயையும் ஏனாமையும் காட்டுவேன். ஒன்று கேரளக் கரையில் அரபிக்கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று ஆந்திராவில் கோதாவரி பக்கம். காரைக்கால் நம் பக்கத்திலேயே இருந்தாலும் ஒட்டவில்லை. மலையாளமும் தெலுங்கும் தமிழும் பேசுகிற நாலு துண்டும் ஒரே சட்டசபைக்கு ஆள் அனுப்புகின்றன. பிரெஞ்சுக்காரன் 1954-இல் கையை விட்டான், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது. அவ்வளவுதான் காரணம். மண்ணை வைத்து ஒரு கோடு, போக்குவரத்தை வைத்து ஒரு கோடு, எவனோ ஆண்ட கணக்கை வைத்து ஒரு கோடு. எந்த வட்டாரத்தைப் படித்தாலும் கோட்டைப் போட்டது யார், எதற்குப் போட்டார்கள் என்று கேட்கச் சொல்வேன். துருக்கி ஐரோப்பாவா ஆசியாவா, மெக்சிகோ வட அமெரிக்காவா லத்தீன் அமெரிக்காவா என்ற சண்டையெல்லாம் அதற்கப்புறம் அவர்களாகவே போடுகிறார்கள்.

இந்த வருஷம் ஆப்பிரிக்கா பாடம் அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாடம் தொடங்கும் முன் அந்த வட்டாரத்தைப் பற்றி மனதில் தோன்றுவதை ஒரு சீட்டில் எழுதச் சொல்வது வழக்கம். பஞ்சம், சிங்கம், பாலைவனம், சண்டை. எல்லாச் சீட்டிலும் இதேதான். ஐம்பத்துநாலு நாடு உள்ள கண்டம் நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் 'பெனின் கொட்டை' என்று இருந்தது. பெனின் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, கொட்டை என்றது முந்திரிக்கொட்டை. பண்ருட்டிப் பக்கத்துப் பையன். கடைசி பெஞ்ச். அப்பா சின்னதாக முந்திரிக்கொட்டை உடைக்கிற யூனிட் வைத்திருக்கிறார்.

எழுப்பிக் கேட்டேன். முதலில் கூச்சம், பிறகு பிடித்துக்கொண்டான். மறுநாள் ஒரு பையில் கொட்டைகளும் வெட்டுக்கத்தியும் கொண்டு வந்து மேஜையிலேயே வெட்டிக் காட்டினான். உள்ளே பருப்பு வெள்ளையாக இருந்தால் ஒரு பக்கம், புள்ளி விழுந்தது ஒரு பக்கம், சொத்தை தனி. எண்பது கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பதை வைத்துத்தான் விலை. "நாப்பத்தெட்டு வந்தா நல்ல சரக்கு சார்." ஐவரி கோஸ்ட் சரக்கு எப்படி, கினி பிசாவ் சரக்கு எப்படி, தூத்துக்குடியில் கண்டெய்னர் தேங்கினால் என்ன ஆகும், எல்லாம் விரல் நுனியில். அந்த நாடுகள் மேப்பில் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். சோமாலியா பக்கம் விரலை வைத்தான். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தவே வேண்டியிருக்கவில்லை. நம் தோப்பில் அறுவடை பங்குனி, சித்திரையில். அது முடிந்தால் யூனிட் என்ன செய்யும் என்று ஒரு பெண் கேட்டாள். மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கும் ஏறக்குறைய நம்மோடுதான் காய்க்கும், பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, அதை வாங்கி வைத்து ஓட்டுவோம் என்றான். "ஆனா தான்சானியா கொட்டை மட்டும் ஐப்பசி, கார்த்திகையிலதான் சார் வரும்." ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அட்லஸைப் பிரிக்கச் சொன்னேன். தான்சானியாவில் முந்திரி விளைகிற மட்வாரா, பூமத்திய ரேகைக்குத் தெற்கே பத்துப் பாகையில் இருக்கிறது. நாம் வடக்கே பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே கோடை நமக்கு மார்கழி. சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய் வருவதால்தான் அவன் வீட்டு யூனிட்டில் வருஷம் முழுக்க வேலை நடக்கிறது. அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. முந்திரி மரத்தின் பூர்வீகம் பிரேசில். போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. விளைச்சலில் இன்று உலகில் முதலிடம் ஐவரி கோஸ்ட்டுக்கு. ஆனால் அங்கே விளைவதில் பெரும்பகுதி கொட்டையாகவே கப்பல் ஏறுகிறது. உடைக்கிற கூலி வியட்நாமிலும் இந்தியாவிலும். நாங்கள் ஏன் உடைக்கக் கூடாது என்று அவர்களும் கேட்கிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து கொட்டை ஏற்றுமதியை நிறுத்துவதாகப் பெனின் அறிவித்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். அப்படியானால் பண்ருட்டியில் கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போன அக்காமார்களுக்கு என்ன பதில் என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது, யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியாது. 'ஆப்பிரிக்கா என்றால் பஞ்சம்' என்று எழுதிய பிள்ளைகள் ஒரு மணி நேரம் பெனின் விவசாயியைப் பற்றியும் பண்ருட்டிக் கூலியைப் பற்றியும் யோசித்தார்கள் என்றால் அதற்குமேல் ஒரு முதல் வருஷப் பாடத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

உன் ஊர்ப் பாடம் அடுத்த மாதம். அங்கே எனக்கு உன் உதவி வேண்டும். மேற்காசியா என்றால் மணல், ஒட்டகம், எண்ணெய்க் கிணறு என்று சீட்டில் வரும், இப்போதே தெரியும். இந்த மாதம் சலாலா மலையெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்குமே, தென்னையும் வாழையும் வைத்து இளநீர் விற்கிற ரோட்டோரக் கடைகளையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு. அரபு நாடு என்று சொல்லாமல் காட்டப் போகிறேன். ஊட்டி என்பார்கள், கேரளா என்பார்கள்.

காரணத்தை விளக்கும்போதுதான் பாடம் ருசிக்கும். நமக்கு ஆடிக்காற்றாக வறண்டு வந்து சேர்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் உங்கள் கடலோரத்தை உரசிக்கொண்டு போகிறது. காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகி தோஃபார் மலையின் கடல்பக்கச் சரிவில் சிக்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டினால் பனியும் இல்லை, பச்சையும் இல்லை; லுபான் என்கிற குந்திரிக்க மரம் அந்த வறண்ட பக்கத்தில்தான் நன்றாக வளர்கிறது. இத்தனை பச்சைக்கும் சலாலா ஊருக்குள் வருஷ மழை பதினைந்து சென்டிமீட்டர்கூடத் தேறாது. போன நவம்பரில் ஃபெஞ்சல் புயல் பாண்டியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. பெண்ணையாற்று வெள்ளத்தில் நாங்கள் பட்ட பாட்டைத்தான் போனில் கேட்டாயே. ஆனால் 2018 மே மாதம் மெக்குனு புயல் சலாலாவில் ஒரே நாளில் 278 மில்லிமீட்டர் பெய்தபோது நீ மாடியிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பினாய். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. வகுப்பில் அதையும் போடுவேன்.

இனி தங்கச்சிக்குப் பிடிக்காத ஒன்று. நான் வெற்று மேப் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்கிற ஆள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வட்டாரம். மனப்பாடம் பண்ண வைப்பது பழைய காலத்து முறை என்று எங்கள் துறையிலேயே சின்னவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரி எங்கே என்று தெரியாதவனிடம் அது வற்றியதைப் பற்றி என்ன பேச முடியும்? போன் ஒரு ஊரைக் காட்டும், வழியும் சொல்லும். எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பது தலைக்குள் இருந்தால்தான் கேள்வி பிறக்கும். போதாக்குறைக்குப் போன் மேப்பை விரல் வைத்துச் சுருக்கிப் பார், பல மேப்புகளில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் சம அளவாகத் தெரியும். ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு. 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் மாலுமிகளுக்குத் திசை தவறாமல் இருக்க வரைந்த முறை அது. கடலில் சரி, நாட்டின் அளவைப் பார்க்க அதை வைத்துக்கொண்டால் வம்பு.

பாண்டியிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்குப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலும் பாரிஸிலும் சொந்தக்காரர்கள் உண்டு. வியட்நாமின் சைகோனில் பிறந்த பாட்டி ஒருத்திக்கு இருக்கிறாள். 1853-இல், பிரெஞ்சுக்காரர் ஆண்ட மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஏற்றிக்கொண்டு போன கப்பலைப் பற்றிச் சொன்னால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். பாண்டியில் சாயம் தோய்த்த நீலத்துணி செனகல் ஆற்றங்கரையில் காசு மாதிரி செலாவணியாகி, அதைக் கொடுத்துப் பிரெஞ்சு வியாபாரிகள் வேல மரப் பிசின் வாங்கினார்கள் என்பதை நம்பவே மாட்டேன் என்கிறார்கள். அந்தக் கதையை உன் மகளுக்கு நேரில் சொல்கிறேன், எழுதினால் இன்னும் நாலு பக்கம் ஓடும்.

ஆக, அவள் சேரட்டும். கடலூர்க் காலேஜ் என்றால் ரிசல்ட் வரும் சமயத்தில் ஆன்லைனில் விண்ணப்பம் திறப்பார்கள், தேதி வந்ததும் நான் சொல்கிறேன். பாண்டிக் காலேஜ் என்றால் சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு வழியாகப் போக வேண்டும். அங்கத்திய பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை, நம் ஆதார் முகவரி பரங்கிப்பேட்டை என்பதை மனதில் வைத்துக்கொள். சி.பி.எஸ்.இ. என்பதால் டி.சி.யோடு மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடு. போன வருஷம் மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை அது இல்லாமல் ஒரு மாதம் அலைந்தது.

அன்புடன்,
செல்வம்