செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருக்கும் நாம் சங்கமாகக் கூடி இவ்வாண்டு ஆற்றிய பணிகளின் அறிக்கையை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். வழக்கமாகப் பல தலைப்புகளில் பிரிந்து செல்லும் இவ்வறிக்கை, இம்முறை ஒரே வேலையைப் பற்றியதாக அமைந்துவிட்டது. பயனரின் கோப்புகளையும் அமைப்புகளையும் புதிய கணினிக்கு மாற்றித் தரும் வேலையே அது.

அதற்கான காரணம் உறுப்பினர்கள் அறிந்ததே. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்ற நிபந்தனையால், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த கணினிகளையும் பல அலுவலகங்கள் ஒதுக்க நேர்ந்தது. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி மூன்று ஆண்டுகள் வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம் என்ற வாய்ப்பைச் சில அலுவலகங்கள் பயன்படுத்திக்கொண்டன. மற்றவை புதிய கணினிகளை வாங்கின.

மாற்றும் வேலையைக் கோப்பு நகலெடுப்பு என்று மட்டும் கருதும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆவணங்கள், முகப்புத் திரை, பதிவிறக்கங்கள் ஆகிய கோப்புறைகளை வெளிவட்டில் எடுத்துப் புதிய கணினியில் போட்டுவிட்டால் முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் பயனரிடமிருந்து வரும் புகார்கள் அந்தக் கோப்புறைகளைப் பற்றியவை அல்ல என்பதை இவ்வாண்டுக் கலந்துரையாடல்கள் தெளிவாகக் காட்டின. தம்மிடம் இருந்ததென்றே பயனர் அறியாத பொருள்கள்தான் தொலைகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஆப்டேட்டா என்னும் மறைந்த கோப்புறைக்குள் இருக்கிறது. எக்செல்லில் ஒருவர் பல காலமாகச் சேர்த்துவைத்த மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு கட்டளைத் தொகுப்புகள்) அடங்கிய தனிப்பட்ட பணிப்புத்தகம், வேர்டின் இயல்புநிலை வார்ப்புரு, அவர் சேர்த்த சொற்கள் கொண்ட எழுத்துப்பிழைத் திருத்தி அகராதி ஆகிய மூன்றும் அதனுள் ரோமிங் பிரிவில் கிடக்கின்றன. ஒட்டுக்குறிப்புச் செயலியின் குறிப்புகள் லோக்கல் பிரிவில் ஒரு தரவுத்தளக் கோப்பாக இருக்கின்றன. செயலியை மூடாமல் அதை மட்டும் எடுத்தால் கடைசியாக எழுதியவை விடுபடக்கூடும்.

எழுத்துருக்கள் இவ்வாண்டு அதிகம் பேசப்பட்டன. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், நிர்வாகி உரிமை இல்லாத பயனரும் தமக்கு மட்டுமாக எழுத்துருவை நிறுவ முடியும். அப்படி நிறுவியது விண்டோஸ் கோப்புறையில் உள்ள எழுத்துருப் பட்டியலில் சேராமல் அவருடைய ஆப்டேட்டாவிலேயே தங்கிவிடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் எழுதிய பழைய கடிதங்களை வைத்திருப்பவருக்கு இது சிறிய விஷயம் அன்று. எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அக்கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். கோப்பே கெட்டுவிட்டது என்று பயனர் பதறுவார். எழுத்துருவையும் அவர் பழகிய விசைப்பலகை அமைப்பையும் முதலிலேயே நிறுவிவிட்டு அவரை உட்கார வைப்பது நலம்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை, சேவையகத்திலேயே அஞ்சல்பெட்டி உள்ளவர்களுக்குக் கணக்கை மீண்டும் சேர்த்தால் போதும். பாப் முறையில் அஞ்சலைத் தம் கணினிக்கே இறக்கிக்கொள்பவர்களின் நிலை வேறு. அவர்களுடைய முழு அஞ்சலும் அவுட்லுக் அஞ்சல் செயலியின் ஒரே பிஎஸ்டி கோப்பில் இருக்கும். அவுட்லுக் 2010 முதல் இக்கோப்பு இயல்பாக ஆவணங்கள் கோப்புறையின் உள்ளே அமைகிறது, அதற்கு முந்தைய பதிப்பில் உருவாக்கியதோ ஆப்டேட்டாவின் ஆழத்தில் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் ஆவணங்கள் முழுவதும் வந்துவிட்டன என்று கையொப்பம் பெற்று, பழைய வட்டையும் அழித்த பிறகே அந்தக் கோப்பைப் பற்றி நினைவு வந்தது. அந்த நிகழ்வுதான் கீழே வரும் தீர்மானத்துக்கு அடிப்படை.

கடவுச்சொற்களைப் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விக்கான விளக்கத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். குரோம் போன்ற உலாவிகளில் புத்தகக்குறிகள் சாதாரணக் கோப்பாக இருப்பதால் நகலெடுத்தால் வந்துவிடுகின்றன. சேமித்த கடவுச்சொற்களோ அந்தப் பயனரின் விண்டோஸ் நுழைவுக் கணக்கோடு பிணைந்து மறையாக்கப்பட்டவை என்பதால், கோப்பை எடுத்துச் சென்றாலும் புதிய கணினியில் திறக்காது. உலாவிக் கணக்கின் ஒத்திசைவை நாடலாம். இல்லையேல் பழைய கணினி இயங்கும்போதே ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்த ஏற்றுமதிக் கோப்பு எவரும் படிக்கத்தக்க வெற்று உரை ஆதலால், வேலை முடிந்த உடனே அதை அழிப்பது நம் கடமை. தனிச்சாவியை (கையொப்பமிடப் பயன்படும் இரகசியக் குறியீட்டை) வெளியே எடுக்க முடியாதபடி நிறுவிய மின்கையொப்பச் சான்றிதழை மாற்றவே இயலாது. புதிதாகத்தான் பெற வேண்டும் என்று பயனரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வட்டைக் கழற்றி, வேறு கணினியோடு இணைக்கும் மாற்றியில் பொருத்திப் படிக்கும் நம் பழைய வழிக்கு இரண்டு தடைகள் வந்துள்ளன. விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கும் வட்டு வேறு கணினியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கழற்றும் முன்பே அதைக் குறித்துவைக்காதவர் அலுவலக நிர்வாகியின் கதவைத் தட்ட வேண்டியதுதான். இரண்டாவது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ். முகப்புத் திரை, ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தால், கோப்புறையில் தெரிபவற்றுள் பல பெயரளவிலான இடங்குறிகளாக மட்டுமே இருக்கும். உள்ளடக்கம் மேகத்தில், அதாவது இணையச் சேவையகத்தில், இருக்கும். அத்தகைய கணினியில் நகலெடுப்பதைவிட, ஒத்திசைவு முழுமையாக முடிந்ததா என்று பார்ப்பதே முதல் வேலை. நெடுநாளாக ஒத்திசைவு நின்றுபோயிருப்பதைப் பயனர் கவனிப்பதே இல்லை.

கருவிகளைப் பற்றிய பயிற்சி வகுப்பில், பயனரின் கோப்புகளையும் அமைப்புகளையும் மாற்றும் யூஎஸ்எம்டி எடுத்துக்கொள்ளப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த மாற்று வழிகாட்டியும், விஸ்டாவோடு வந்த ஈசி டிரான்ஸ்ஃபரும் விண்டோஸ் 10-இல் இல்லாமற்போன பின், பல கணினிகளை ஒரே முறையில் மாற்றுவோருக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் இக்கருவி பயன்படுகிறது. பழைய கணினியில் அதன் ஸ்கேன்ஸ்டேட் கட்டளை அவற்றைத் திரட்டுகிறது, புதியதில் லோட்ஸ்டேட் கட்டளை பரப்புகிறது. மென்பொருள்களை முதலில் நிறுவிவிட்டுத்தான் லோட்ஸ்டேட்டை ஓட்ட வேண்டும் என்பதும், கடவுச்சொற்கள், இயக்கிகள், உள்ளூர் அச்சுப்பொறிகள் ஆகியவற்றை அது கொண்டுவராது என்பதும் வகுப்பில் வலியுறுத்தப்பட்டன. ஓரிரு கணினிகள் மட்டும் உள்ள அலுவலகத்துக்கு இது தேவைக்கு மீறிய ஏற்பாடு என்பது என் கருத்து, விண்டோஸிலேயே உள்ள நகலெடுப்புக் கட்டளையான ரோபோகாப்பி போதும். ஆனால் அதன் மிர் என்னும் விருப்பம், மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து அழித்துவிடும். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றித் தட்டெழுதினால் மீள வழியில்லை என்பதால், புதிய உறுப்பினர்கள் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்கு வெளிவட்டுகளும், சாட்டா, என்விஎம்இ ஆகிய இருவகை வட்டுகளுக்கான மாற்றிகளும் வாங்கப்பட்டன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வட்டைத் திருப்பித் தருமுன் அதிலுள்ள பயனர் தரவை அழித்துத் தர வேண்டும் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். இதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

செயற்குழு தீர்மானித்து உங்கள் ஒப்புதலுக்கு வைப்பது இதுதான். மாற்றும் நாளுக்கு முன்பே பயனரோடு அமர்ந்து, அவர் அன்றாடம் திறப்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘என்னென்ன வேண்டும்’ என்று கேட்டால் ‘எல்லாம்’ என்ற விடைதான் வரும். மாற்றிய பின் பழைய கணினியை 30 நாள்களுக்குக் குறையாமல் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆண்டிறுதிக் கணக்கு போன்ற எப்போதாவது வரும் வேலைகள் உள்ள துறைகளில் அவ்வேலை ஒருமுறை முடியும் வரை வைத்திருக்க வேண்டும். அதன் பிறகும் விரைவு ஃபார்மட் போதாது. முழுமையாக அழித்து, அதைப் பதிவேட்டில் பொறுப்பாளர் கையொப்பத்துடன் குறித்த பின்னரே கணினியை வெளியே அனுப்ப வேண்டும். பழையவற்றை வைக்க இடமில்லை என்ற அலுவலகங்களின் முறையீடு நியாயமானது. அவர்கள் வட்டை மட்டும், மீட்புச் சாவியோடு உறையிலிட்டுப் பூட்டி வைத்துவிட்டுக் கணினிப் பெட்டியை அனுப்பலாம் என்ற திருத்தத்தையும் சேர்த்து, இத்தீர்மானத்தைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்