பயன் முடிந்த பேட்டரிக்குக் கரையில் என்ன ஏற்பாடு?

மின்வாகனக் கொள்கையை வகுத்து நடத்தும் தமிழ்நாடு அரசின் தொழில், போக்குவரத்து, சுற்றுச்சூழல் துறைகளின் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். 2023ஆம் ஆண்டின் மின்வாகனக் கொள்கை சாலைவரி விலக்கு முதலான சலுகைகளை வழங்கியதையும், அண்டை மாவட்டமான தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலை திறக்கப்பட்டதையும் இராமநாதபுரம் கடற்கரை மக்களாகிய நாங்கள் குறைகூறவில்லை. பெட்ரோல் விலையோடு மல்லுக்கட்டும் மீன் வியாபாரிக்கு மின் ஸ்கூட்டரால் நாலு காசு மிஞ்சத்தான் செய்கிறது. அந்த வண்டியின் பேட்டரி ஓய்ந்துபோன பிறகு அதன் சுமை யார் தலையில் விழும் என்பதையும் கொள்கையின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவில் தோண்டப்படுகிறது; சிறுவர்களும் அங்கே குழிகளில் இறங்குவது ஊரறிந்த செய்தி. கோபால்ட்டும் நிக்கலும் சேராத லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் பரவுவது அந்த வகையில் நல்லதே. ஆனால் காங்கோவின் சுமையைக் குறைக்கும் அதே மாற்றம் எங்கள் கரையில் வேறொரு சிக்கலை வைக்கிறது. படகின் விளக்குக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் வைத்திருக்கும் ஈயப் பேட்டரி கெட்டால், ஈயத்துக்காகவே பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார் (அதை உடைத்து அமிலத்தை மணலில் ஊற்றுவது தனியே பேச வேண்டிய கொடுமை). விலைபோகும் உலோகம் குறைந்த இந்தப் புதிய பேட்டரியில் அவருக்கு ஆதாயம் இல்லை. ஆகவே அது வீட்டுக் கொல்லையிலோ குப்பைமேட்டிலோதான் கிடக்கும். கடலோரச் சிற்றூர்கள் பலவற்றில் மணலைத் தோண்டி, ஊற்றில் சுரக்கும் தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடம் நிரப்பும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மணலுக்குள் எது இறங்கினாலும் அது குடத்துக்கு வந்துசேர அதிக நாளாகாது.

உப்பு இன்னொரு கவலை. மீன் பெட்டியில் ஐஸ் கரைந்து வடியும் தண்ணீர் ஸ்கூட்டரின் மிதிபலகை வழியே இறங்குகிறது. பேட்டரி இணைப்புகளில் பச்சை பூக்க இந்தக் காற்றே போதும். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயான் புயல் தாக்கியபின், கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, வெள்ளம் வடிந்த பிறகு தீப்பிடித்தன. 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்த, 2024 நவம்பரில் ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கண்ட கரை இது. நனைந்த பேட்டரியை எங்கே வைப்பது, யாரிடம் சொல்வது என்று கிராமத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

வண்டியில் புகை இல்லை என்பதும் பாதி உண்மைதான். எங்கள் மாவட்டக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருந்தாலும், நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. அந்த நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்க எங்கள் உப்பூரிலேயே 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டு, மீனவர்கள் எதிர்த்து நின்று, 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததை நீங்கள் அறிவீர்கள்.

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன் முடிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே சுமத்துகின்றன. அவற்றைப் புதைப்பதையும் எரிப்பதையும் தடுக்கின்றன. விதி இருக்கிறது, மண்டபம், தொண்டி போன்ற எங்கள் கடலோர ஊர்களில் அதை நடைமுறையாக்குவதே உங்கள் பணி. மின்வாகனம் விற்கும் ஒவ்வொரு கடையும் பழைய பேட்டரியைத் தயக்கமின்றித் திரும்பப் பெறவும், கொடுப்பவருக்குக் கையில் பணம் கிடைக்கும்படி விற்பனையின்போதே ஒரு வைப்புத்தொகையைப் பிடித்துவைக்கவும் ஆணையிட வேண்டும். சலுகையை அந்த நிபந்தனையோடு சேர்த்தே வழங்குங்கள். மீன் இறங்குதளங்களில் சேகரிப்பு இடமும், தீயணைப்பு நிலையங்களுக்கும் புயல் காப்பகங்களுக்கும் நனைந்த பேட்டரியைக் கையாளும் பயிற்சியும், வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேண்டும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரைவாசி ஒருவர்